அவர் நிற்கும் பக்கம்

“சார், தயவுசெஞ்சு வெளிய போய் நில்லுங்க. உங்களாலதான் அக்காவுக்கு நீச்சல் வரல!”

கோச் பெண் இப்படிப் போட்டு உடைத்ததும், குளத்தில் இருந்த பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். கரையில் நின்ற வாட்ச் ரிப்பேர்க்காரருக்கு முகம் சுருங்கிப்போனது.

இரண்டு மாதமாக இதே கூத்துதான். மனைவியின் முதுகுவலிக்கு நீந்தச் சொன்னார் டாக்டர். அவள் தண்ணீரில் இறங்கினாள். இவரோ தினமும் வாட்சையும் செருப்பையும் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு, துண்டும் கையுமாகக் கரையோரம் அவள் கூடவே நடப்பார். அவள் அந்தக் கோடிக்குப் போனால் இவரும் அந்தக் கோடி. அவள் திரும்பினால் இவரும் திரும்புவார்.

“சந்தேகப் பேர்வழி போல” என்பாள் ஒருத்தி.

“அதெல்லாம் இல்லடி. நீச்சல் டிரெஸ்ல முந்தானை இல்லல்ல, அதான் துண்டைப் பிடிச்சுக்கிட்டு சுத்துறார்” என்பாள் இன்னொருத்தி.

எல்லாம் அவர் காதில் விழும். என்ன செய்வது? தண்ணீர் என்றாலே அவருக்குப் பயம். அவள் முகம் உள்ளே போனால் இவருக்கு மூச்சு நிற்கும். வெளியே வந்தால்தான் போன உயிர் திரும்பும்.

“நான் என்னம்மா பண்ணேன்?” என்றார் பரிதாபமாக.

“ஃப்ரீஸ்டைல்ல உடம்பு ரெண்டு பக்கமும் உருளணும் சார். அக்கா போறப்ப வலப்பக்கம் மட்டும் உருளுறாங்க. வர்றப்ப இடப்பக்கம் மட்டும். மத்தபடி பலகை மாதிரி கெடக்குறாங்க. ஏன்னு நேத்துதான் புரிஞ்சுது. நீங்க நிக்கிற பக்கம்தான் திரும்புறாங்க! உங்க மூஞ்சியப் பார்த்தாதான் அவங்களுக்குத் தைரியம். இப்படியே போனா தோள்பட்டை போயிடும். இன்னைக்கு ஆழத்துக்கு வேற போறோம்.”

“ஆழத்துக்கா?” அவர் துண்டை இறுக்கிப் பிடித்தார். “இன்னொரு நாள் போகலாமேம்மா...”

“போங்க, எனக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள் மனைவி, தண்ணீருக்குள்ளிருந்து.

வெளியே போனார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

மணி பார்க்கலாமென்றால் வாட்ச் உள்ளே பெஞ்சில். கதவில் காதை வைத்து, அவள் கை தண்ணீரில் விழும் சத்தத்தை எண்ண ஆரம்பித்தார். பத்து... இருபது... முப்பத்திரண்டு...

சத்தம் நின்றுவிட்டது.

ஊரார் கடிகாரத்தையெல்லாம் ஓடவைப்பவருக்கு, அந்த ஒரு நொடி நகரவே இல்லை. ஐயோ, போக விட்டேனே!

விசில் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஈரத்தில் வழுக்கி, சுவரைப் பிடித்து, நிமிர்ந்து பார்த்தால், மனைவி எதிர்க்கரையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பார்த்தீங்களா சார்! ரெண்டு பக்கமும் என்னமா உருண்டு வந்தாங்க! நீங்க இல்லன்னதும் பயம் பறந்துடுச்சு!” என்று குதித்தாள் கோச்.

பெண்கள் கைதட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வாட்சை எடுத்துக் கட்டினார். இத்தனை நாளும் இவளுக்கு நான்தான் இடைஞ்சலா?

மனைவி கரையேறினாள். கோச்சின் கையைப் பிடித்து மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் அவருக்குக் கேட்டது.

“எனக்கு எங்கம்மா பயம்? அவருக்குத் துளிகூட நீச்சல் தெரியாது. தெனமும் எதுக்கு வாட்சைக் கழட்டி வெச்சுட்டு நிக்கிறார்னு நினைச்சே? ரெண்டு கை போடுறதுக்குள்ள என் மூஞ்சியக் காட்டலன்னா, அந்த மனுஷன் குதிச்சிடுவார்மா!”