ஒரே ஒரு வாக்கு

லூர்துராஜ் தன் தங்கை கணவர் அமலதாசுக்கு மீன் குழம்பு ஊற்றும்போது, பாம்பன்காரர்களின் கைப்பேசிகள் ஒலித்தன. எல்லையில் ஒரு படகு. திறக்கவா, மூடவா? ஊரார் வாக்கில் எது கூடுதலோ, அதன்படிதான் படகை உள்ளே விடுவார்கள் அல்லது திருப்பி அனுப்புவார்கள்.

"நீங்க முதல்ல அமுக்குங்க மச்சான். உங்க கட்சிக்கு எதிரா அமுக்குனாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்றார் அமலதாஸ்.

லூர்துராஜ் சிரித்துக்கொண்டே 'மூடு' என்று அமுக்கினார். அமலதாஸ் 'திற' என்று அமுக்கினார்.

ஒரே வாக்கு வித்தியாசத்தில் திருப்பப்பட்ட படகு காற்றில் கவிழ்ந்தது. இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாருக்குத் துக்கம் கேட்கப் போயிருந்த தங்கை பிலோமினா, யாரிடமும் சொல்லாமல் அதில்தான் திரும்பிக்கொண்டிருந்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். லூர்துராஜால் இலையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. கைப்பேசிகள் ஒலித்தன. இன்னொரு படகு.

அமலதாஸ் கைப்பேசியை எடுத்து இலையருகே வைத்தார். எப்போதும்போல, மச்சான் முதலில் அமுக்கட்டும் என்று காத்திருந்தார்.