பதினேழாயிரம் ஹெர்ட்ஸ்

"எலே சஜு, கைக்குழந்தையளுக்க காதுல என்னத்தலே ஊதுன?"

சபைச் செயலாளர் ராஜப்பன் லேப்டாப்பைப் போதகரின் மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்கு, உண்மையில் போட்டார். பாறசாலைப் பக்கத்து அந்தப் பழைய மிஷன் கோயிலில் மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவன் சஜுதான். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு அவனைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள்.

"ஒண்ணும் ஊதல்ல மாமா. மைக் டெஸ்டிங்."

"டெஸ்டிங்கா? மூணு ஞாயிறா பிரசங்கம் பாதி ஆகும்போ பிள்ளையள் எல்லாம் ஒண்ணுபோல வீறிட்டுக் கரையுது. அச்சனும் பாவம், வேற வழியில்லாம ஆமென் சொல்லி முடிச்சிருதாரு. முந்தின அச்சன் அரைமணிக்கூர்ல முடிச்சாருன்னுதான் மேலிடத்துக்கு எழுதிப் போட்டு மாத்தினோம். ஒரு மணிக்கூர் பிரசங்கம் இந்தச் சபைக்க அந்தஸ்தாக்கும்!"

மேசைக்கு அந்தப் பக்கம், ஊரார் அச்சன் என்று கூப்பிடும் போதகர் அங்கியைக்கூடக் கழற்றாமல், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாசலில் ரெஜிலா நின்றாள். ராஜப்பனின் மகள், தனுவச்சபுரத்தில் காலேஜ் படிக்கிறவள். பிரசங்கத்தின் நடுவே காதைப் பொத்திக்கொண்டு, ஸ்பீக்கரில் விசில் அடிக்கிறது என்று அப்பாவிடம் போட்டுக் கொடுத்த புண்ணியவதி அவள்தான்.

இனி மறைத்துப் பயனில்லை.

"நாலு வரி பைத்தான் புரோகிராம் ஆக்கும் மாமா," என்றான் சஜு. "எந்த நம்பர் குடுக்கமோ அந்தச் சத்தம் வரும். நானூத்தி நாப்பது குடுத்தா கொயர்காரங்களுக்கு சுருதி. பதினேழாயிரம் குடுத்தா சின்ன வயசுக்காரங்களுக்கு மட்டும் கேக்கும். வயசு ஏறினா காதுல விழாது."

வயசு என்றதும் ராஜப்பன் நிமிர்ந்தார். வாரம் தவறாமல் மீசைக்கு மை பூசுகிற ஆள்.

"எனக்குக் கேக்கும். போடு பாப்பம்."

சஜு லேப்டாப்பைத் திறந்து குனிந்தான்.

"ஆங்! கேக்குது, நல்லாக் கேக்குது. குருவி கத்துன மாதிரி."

"மாமா, நான் இன்னும் எண்டர் அமுக்கல்ல."

ரெஜிலா சிரித்துவிட்டு, அப்பாவின் பார்வையைக் கண்டதும் இருமினாள். சஜு எண்டரை அமுக்கினான். ரெஜிலா இரண்டு காதையும் பொத்தினாள். ஜன்னலுக்கு வெளியே யாருடைய இடுப்பிலோ இருந்த குழந்தை வீறிட்டது. ராஜப்பனுக்கு மட்டும் உலகம் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் அவரைக் கொதிக்க வைத்தது.

"உனக்கக் கல்யாண ஓலை ரெண்டுதான வாசிச்சிருக்கு? மூணாவது வாற ஞாயிறு. வாசிக்க விடமாட்டேன். அந்தப் பூவார்க்காரி ஜெஸ்மிய நீ எப்படிக் கெட்டுதன்னு பாக்கேன்!"

சஜுவுக்கு உயிரே போய்விட்டது. மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் வாசித்து, யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்றால்தான் கல்யாணம். ரெண்டோடு நின்றால் கல்யாணமும் நின்றது போலத்தான். ஜெஸ்மியின் வீட்டில் சம்மதம் வாங்க அவன் பட்டது நாய் படாத பாடு.

"இது உனக்கச் சொந்தப் புத்தி இல்ல," என்றார் ராஜப்பன். "ஆரு சொல்லிச் செய்தா? பேரச் சொல்லு. ஓலை வாசிக்கலாம்."

சஜு தரையைப் பார்த்தான். பெயரைச் சொல்லலாம். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பிவிட்டால் அதைவிட வம்பு.

"பேரு மட்டும் சொல்லமாட்டேன் மாமா."

"பாத்தீங்களா அச்சோ, திமிர!"

அச்சன் முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"ராஜப்பா, நீங்க ரெண்டுபேரும் வெளிய நில்லுங்க. இவன நான் தனியா விசாரிக்கணும். கொஞ்சம் கடுமையா."

"நல்லாக் கேளுங்க!" ராஜப்பன் மகளையும் தள்ளிக்கொண்டு திருப்தியோடு வெளியேறினார்.

அச்சன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார். சஜுவின் அருகில் வந்து, அவன் தோளில் கை வைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பேரச் சொல்லாம என்னக் காப்பாத்திட்ட மக்கா, ஓலைய நான் வாசிச்சிருதேன். ஆனா வாற ஞாயிறுக்குள்ள ராஜப்பனுக்க மொவளுக்கும் கேக்காத நம்பர் ஒண்ணு கண்டுபிடி. எனக்கு சுகர் உண்டுலே, ஒரு மணிக்கூர் எப்படி மூத்திரத்த அடக்கிக்கிட்டு நிக்கது?"