நிற்காத ஃபேன்

"இனிமே அந்தக் கபாலி நம்ம கேட்டைத் தாண்டி உள்ள வரக் கூடாது!"

செகரட்டரி ராமானுஜம் போட்ட சத்தத்தில் அத்தனை வீட்டுக் கதவும் திறந்தது. ஆளாளுக்கு மாடிப்படியில் வந்து நின்றார்கள்.

மந்தைவெளியில் இருக்கும் பழைய அடுக்குமாடி அது. சுவிட்சைத் தொட்டால் பொறி பறக்கிறது என்று ஒரே புகார். இத்தனை நாளாக எலக்ட்ரீஷியன் கபாலிதான் வந்து எதையாவது முறுக்கிவிட்டுப் போவான். இந்தத் தடவை முழு ஒயரிங்கையும் பார்த்துவிட வேண்டும் என்று அசோக் நகரிலிருந்து மகேஷ் என்ற புது ஆளை ராமானுஜம் வரவழைத்திருந்தார்.

வந்தவன் கண்ணில் முதலில் பட்டது ஒரு கறுப்பு ஒயர்.

"சார், உங்க பெட்ரூம் ஜன்னல் மேல ஒரு ஒயர் கீது. அப்படியே சுவத்தோரமா பக்கத்து வூட்டுக்குள்ள பூந்துக்கினு போவுது. தெரியுமா?"

ராமானுஜத்துக்குத் தெரியாது. ஆனால், பக்கத்து வீடு ஆம்ப்ரோஸ் வீடு. அவருக்கு அது போதுமே!

ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆம்ப்ரோஸ் வாசலில் ஸ்டார் கட்டி, வராந்தா பிளக்கில் சொருகினார். "காமன் கரண்ட்ல சொந்த ஸ்டார் எரியப்படாது" என்று ராமானுஜம் அதைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்தார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. எதிரெதிரே வந்தால் ஒருவர் படியைப் பார்ப்பார், இன்னொருவர் கூரையைப் பார்ப்பார்.

"அன்னிக்குக் காமன் கரண்ட், இன்னிக்கு நம்மாத்துக் கரண்ட்! கபாலியைக் கையில போட்டுண்டு திருடியிருக்கார்! வெட்டுப்பா அதை!"

"இருங்க சார், எங்கேர்ந்து எங்க போவுதுன்னு பாத்துட்டு..."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? வெட்டுன்னா வெட்டு!"

ஆம்ப்ரோஸ் சர்ச்சுக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஐரின்தான் ஓடி வந்தார்.

"சார், அதை மட்டும் வெட்டாதீங்க. அவர் வந்துரட்டும். தனியா சொல்றோம்."

"தனியா என்ன ரகசியம்? எல்லாரும் இருக்கா. இங்கேயே சொல்லுங்கோ."

ஐரின் கூட்டத்தைப் பார்த்தார். ராமானுஜத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திருடியவர்களுக்குப் பேச்சு எப்படி வரும் என்று நினைத்துக்கொண்டார் ராமானுஜம். மகேஷ் மனசில்லாமல்தான் வெட்டினான்.

ராமானுஜம் முதல் வேலையாக பெட்ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் மனைவி ஜானு.

பக்கவாதம் வந்து ஜானு படுத்துவிட்ட பிறகு அவள் உலகமே அந்த ரூம்தான். முதுகில் புண் வராமல் இருக்க, மோட்டார் வைத்துக் காற்று நிரப்பும் மெத்தை. மேலே ஃபேன். இரண்டும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓடிக்கொண்டேதான் இருந்தன. தெருவே இருண்டாலும் அந்த ரூமில் எதுவும் நின்றதில்லை. "மாமிக்காக வேற ஃபேஸ்லேர்ந்து லைன் இழுத்துக்கீறேன் சார், தெருவுல கரண்ட் போனாலும் இதுல போவாது" என்று கபாலி சொன்னதிலிருந்து, தன் வீட்டு ஃபேஸின் பெருமையை வாக்கிங் போகிற இடத்தில்கூட விடமாட்டார் ராமானுஜம்.

ஆம்ப்ரோஸைப் பற்றியும் சொல்லுவார். "இன்வெர்ட்டரை வாங்கி வெச்சுண்டு, கரண்ட் போனா மெழுகுவத்தி ஏத்தறார். பாட்டரி தேஞ்சுடுமாம். மகா கஞ்சன்!"

ஒயரை வெட்டியும் தன் வீட்டில் எல்லாம் ஓடுகிறது. அப்படியானால் அடுத்த வீட்டில்தானே ஏதாவது நின்றிருக்க வேண்டும்? ராமானுஜத்துக்கு அன்று காபி கூடுதலாகவே ருசித்தது.

சாயந்தரம் விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது.

ஃபேன் மெதுவாகச் சுற்றி, நின்றது. மெத்தையின் மோட்டார் சத்தமும் அடங்கியது.

"ஏன்னா... ஃபேன் நின்னுடுத்தே" என்றாள் ஜானு. "மெத்தை அமுங்கறது. முதுகு வலிக்கறதுன்னா."

ராமானுஜம் பேப்பரை மடித்து விசிறினார். மகேஷுக்கு போன் போட்டார், எடுக்கவில்லை. ஜானுவின் நெற்றியெல்லாம் வியர்வை. என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஆம்ப்ரோஸ்! ஒரு கையில் டேபிள் ஃபேன், இன்னொரு கையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் ஒயர் அவர் வீட்டிலிருந்து வராந்தாவைத் தாண்டி வந்திருந்தது.

"சார், உள்ள வரலாமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து மெத்தையின் பிளக்கை மாற்றினார். ஃபேனை ஜானு பக்கம் திருப்பினார். மோட்டார் மறுபடி முனகத் தொடங்கியது. ஜானு நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

"கபாலியைத் திட்டாதீங்க சார்" என்றார் ஆம்ப்ரோஸ். "கரண்ட் போனா மாமி ரூமுக்கு எங்க இன்வெர்ட்டர்லேர்ந்து வர்ற மாதிரி அந்த ஒயரைப் போடச் சொன்னது நான்தான். தெரிஞ்சா நீங்க வேணாம்னுடுவீங்கன்னு ஃபேஸ் கதையைச் சொல்ல வெச்சேன். காலையில அத்தனை பேர் எதிர்ல சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் ஐரினும் வாயைத் திறக்கலை."

ராமானுஜம் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலுக்கு வந்தார். பக்கத்தில் ஆம்ப்ரோஸ் வீட்டு இருட்டில் ஐரின் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"உங்காத்துல ஏன்... இருட்டா..."

"சின்ன இன்வெர்ட்டர் சார்" என்றார் ஆம்ப்ரோஸ். "ஒரு ரூமுக்குத்தான் தாங்கும்."