சக்கரமே இருக்கட்டும்

"இந்த ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழட்டிடுங்க. அதுக்குப் பதிலா சுக்கான்ல நேரா ஒரு தடியை மாட்டுங்க," என்றார் பாய்மரப் படகின் சொந்தக்காரர் மெக்கானிக்கிடம்.

"வேணவே வேணாம். சக்கரமே இருக்கட்டும்," என்று குறுக்கே விழுந்தாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? நீங்க மாட்டுங்க."

"மாட்டிடலாம் சார். ஆனா கொஞ்சம் பழகணும். தடியை இடது பக்கம் தள்ளினா, படகு வலது பக்கம் திரும்பும்," என்றார் மெக்கானிக்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்!"

தன் பேச்சுதான் எடுபட்டது என்ற பெருமையில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார்.

ஸ்பேனரை எடுத்த மெக்கானிக்குக்குக் கழட்ட மனசு வரவில்லை. "அக்கா, நீங்க இவ்வளவு சொல்லியும் சார் கேக்கலையே. நான் வேணா ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?"

"ஐயோ, காரியத்தைக் கெடுத்துடாதீங்க!" பதறிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள். "வேணாம்னு சொன்னாத்தான் அவர் செய்வார். கல்யாணமான நாள்லேர்ந்து நான் வலதுன்னா, அவர் கை வீம்புக்கு இடதுக்குத்தான் போகும். போன வாரம்கூடப் பாலத்துத் தூண்ல கொண்டுபோய் இடிச்சார். இனிமே இஷ்டத்துக்கு இடது பக்கமே தள்ளட்டும். படகு நான் சொன்ன பக்கம் திரும்பும்."