ஒரு சாண் தள்ளி

பட்டறை வாசலில் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். மெக்கானிக்காகிப் பத்து வருடம் ஆகியும் பிரேக்கை அவள் காதால்தான் சோதிப்பாள். மதியம் பந்தயம், ஓட்டப்போகிறவன் தம்பி. பிரேக் கிறீச்சிடும் வண்டியைக் களத்தில் சேர்க்க மாட்டார்கள். அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் பேடை மூன்று தடவை கழற்றி, ஓரத்தை அரத்தால் ராவி, முதுகில் கிரீஸ் தடவி மாட்டியாகிவிட்டது. விரலெல்லாம் கறுப்புத் தூள். "வரட்டுமாக்கா?" தெருமுனையிலிருந்து குரல். "வேகமா வாடா!" எஞ்சின் உறுமிக்கொண்டு நெருங்குகிறது. பிரேக் இப்போது கத்தும், இதோ கத்தும் என்று பல்லைக் கடிக்கிறாள். "பிரேக்கை அமுக்குடா, எருமை!" முழங்காலில் சூடு படுகிறது. கண்ணைத் திறக்கிறாள். ஒரு சாண் தள்ளி வண்டி நிற்கிறது. உள்ளே தம்பி இரண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான். "எப்பவோ அமுக்கிட்டேன்க்கா!"