காலரில் வேறு நாடு

சட்டை எந்த நாட்டில் தைத்தது என்று சொல்லும் சின்ன லேபிளைக் காலருக்கு அடியில் வைத்து தையல் மெஷின் மிதியை அழுத்தியவள், சட்டென்று காலை எடுக்கிறாள். ஊசி துணிக்குள் இறங்கியபடியே நிற்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டவும் வராது. ஆனால் இத்தனை வருஷமாகத் தைத்த பெயர் எவ்வளவு நீளம் என்று கட்டைவிரலுக்குத் தெரியும். இது விரலைத் தாண்டி நீள்கிறது. "நூல் அறுந்துபோச்சா அண்ணி?" என்று பக்கத்து மெஷினிலிருந்து எட்டிப் பார்க்கும் நாத்தனார், லேபிளை வாய்க்குள்ளேயே படிக்கிறாள். அவள் முகம் வெளுக்கிறது. "அண்ணி, இது நம்ம நாடே இல்ல!" சூப்பர்வைசர் ஓட்டமும் நடையுமாக வருகிறான். சிரிக்கப் பார்க்கிறான், வரவில்லை. "கட்டு மாறி வந்துடுச்சுக்கா, குடுங்க. வேற யூனிட்டுக்குப் போக வேண்டியது." அவள் லேபிள் கட்டை மடியோடு இறுக்கிக்கொள்கிறாள். "நமக்கு ஏது தம்பி வேற யூனிட்டு?" முன்வரிசையில் ஒரு மெஷின் நிற்கிறது. அதற்கடுத்ததும் நிற்கிறது. இரைச்சல் வடிய வடிய, மேலே ஃபேன் கிறீச்சிடுவது இப்போதுதான் காதில் விழுகிறது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் குனிகிறான். "பயப்படாதீங்கக்கா, அந்த நாட்டு யூனிட்டுக்கு இன்னும் கூரைகூடப் போடல." அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறான். ஒரு மெஷின்கூட ஓடாத கூடத்தில் அது கடைசி வரிசைவரை கேட்கிறது.