கிணற்றுக்குக் கிழக்கே

"தம்பி, பழைய படம் கிடைச்சுதோ? பக்கத்து வீட்டுச் சனூஸா ரெண்டு அடி எங்கட காணிக்குள்ள வேலி போட்டிருக்கிறா. வழக்குப் போடாமல் விடமாட்டன்."

நிலாவெளியிலிருந்து மூன்றாவது முறையாக நில அளவைக் கந்தோருக்கு வந்திருந்த இரத்தினேஸ்வரி கதிரையை முன்னுக்கு இழுத்தாள். எழுதுவினைஞன் யுகேந்திரன் வெள்ளைக்காரர் காலத்துக் காணிப்படத்தை மேசையில் விரித்தான்.

"உங்கட பூட்டன்ட பேர் என்ன, அக்கா?"

"கணபதியார் வேலாயுதம். பத்துத் தரம் சொல்லிப்போட்டன்."

அவன் பெயர்ப்பட்டியலில் விரலை ஓட்டினான். "இருக்கு. பதினாலாம் துண்டு, முழுசா அவர்ட பேரில."

"பார்த்தீங்களோ! நான் என்ன சொன்னனான்?"

"பொதுக்கிணற்றுக்குக் கிழக்குப் பக்கம், அக்கா."

இரத்தினேஸ்வரியின் சிரிப்பு அப்படியே நின்றது. கிழக்கே இருப்பது சனூஸாவின் வீடு. அவளுடைய வீடு மேற்கே.

போரால் வந்த பதினாறு வருட இடப்பெயர்வு முடிந்து திரும்பியபோது, பற்றைக்குள் அந்தக் கிணறு மட்டும்தான் மிஞ்சியிருந்தது. எல்லை தெரிந்த பெரியவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. கிணற்றை வைத்துத்தான் இரண்டு குடும்பங்களும் பக்கம் பிரித்துக் கல்வீடு கட்டின. இந்தப் படத்தோடு வழக்கில் வென்றால், அவள் தன் வீட்டைவிட்டு எழும்பவேண்டும்.

"எத்தனை கொப்பி வேணும், அக்கா?"

"ஒண்டும் வேண்டாம், தம்பி. சுருட்டி உள்ளுக்க வையுங்கோ. சனூஸாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்கோ."

யுகேந்திரன் படத்தைச் சுருட்டினான்.

"போன கிழமை அவவும் வந்து பார்த்தவ, அக்கா. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவ."